போனில் சொன்ன முடிவு

நம் துறையில் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுகிறவர்கள் கிடையாது. நாம் ரத்தத்தைப் பார்ப்பதே இல்லை. ஊசி குத்துகிறவர் ஒருவர், குழாயில் பிடித்து அனுப்புகிறவர் இன்னொருவர். நம்மிடம் வந்து சேரும்போது அது கணினியில் ஒரு மரபணுக் கோப்பு, அதற்கு ஓர் எண். பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ் முதுகலை வகுப்பில் முதல் நாள் வந்து உட்காரும் பிள்ளைகளிடம் இதை ஒரு சௌகரியமாகவே நான் சொல்லிவந்தேன். "கையில அழுக்குப் படாத சயின்ஸ்" என்று சொல்லிச் சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். இனி அந்த வகுப்புகளை நீங்கள் எடுக்கப்போகிறீர்கள். தயவுசெய்து அந்த வாக்கியத்தைச் சொல்லாதீர்கள்.

பாண்டீஸ்வரியின் கதையை உங்களுக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். ஒரு மாணவி பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டாள், ஒரு கல்யாணம் நின்றுபோனது, அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். சொல்கிறவர்கள் தங்களுக்கு அப்படி நடக்காது என்கிற நிம்மதியோடு டம்ளரைக் கீழே வைப்பார்கள். நான் அவளுக்கு வழிகாட்டியாக இருந்தவள். அந்தக் கதையில் எனக்குத் தெரிந்த பகுதி வேறு. அந்தக் குடும்பத்தின் பெயர்களையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். பாண்டீஸ்வரி மட்டும் தன் பெயரிலேயே சொல்லச் சொன்னாள்.

அவள் மதுரை வில்லாபுரத்துப் பெண். அப்பா மில்லில் ஃபிட்டர். வீட்டில் முதுகலை வரை வந்தது அவள்தான். கணினி வேலையில் கெட்டிக்காரி என்று சொன்னால் அது பாதிதான். மனிதர்களிடம் பேசத் தெரிந்தவள். நம் துறையில் அது அபூர்வம். இறுதி ஆண்டு ஆய்வுக்காக, பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளின் குடும்பங்களைப் பார்த்துவந்த ஒரு மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்தோம். காது மூக்கு தொண்டை மருத்துவர், ஓய்வுபெறும் வயதை எட்டிக்கொண்டிருந்த அம்மாள். ஊர் ஊராக ரத்தம் எடுக்கப் போகும்போதெல்லாம் பாண்டீஸ்வரியைக் கூட அழைத்துப்போவார். "இந்தப் பிள்ளை பேசிக்கிட்டே இருக்கும், ஊசி போட்டது அவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்பார்.

அப்படிப் போன ஊர்களில் ஒன்று மதுரைக்கு மேற்கே, செக்கானூரணி தாண்டி. அங்கே கலா என்ற பெண்ணின் மகளுக்கு நான்கு வயது, பிறவியிலிருந்தே காது கேட்காது. கலா தன் அத்தை மகனைக் கட்டியிருந்தாள். அவளுடைய தங்கை ஜெயந்தியை, அதே அத்தையின் இரண்டாவது மகனுக்குப் பேசி நிச்சயமும் முடிந்திருந்தது. ஜெயந்தி பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள்.

குழந்தை, கலா, அவள் கணவன் மூவருடைய பரிசோதனை முடிவும் முதலில் வந்தது. தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே மரபணுவில் ஒரே பிழை இருந்தது. அது ஒருவரிடம் இருப்பதால் அவருக்கு ஒரு குறையும் வராது. கணவன், மனைவி இருவரிடமும் இருந்தால்தான் பிள்ளைக்கு வர வாய்ப்பு. மருத்துவர் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதை விளக்கினார். பிறகு ஆய்வுக்காக இரண்டு வீட்டு உறவினர்கள் பன்னிரண்டு பேரிடம் ரத்தம் எடுக்கப்பட்டது. ஜெயந்தி இருந்தாள், அவளைக் கட்டப்போகிறவனும் இருந்தான். அந்தப் பன்னிரண்டு பேரின் முடிவு ஆய்வுக்கு மட்டுமே, யாருக்கும் சொல்லப்படாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தோம்.

தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மதியம் பாண்டீஸ்வரி லேப்டாப்பைத் திறந்தபடியே என் அறைக்குள் வந்தாள்.

"மேடம், இவரு ஆம்பளை. டேட்டா பொம்பளைங்குது."

"வேற ஏதாவது காரணம் இருக்கும்மா. திரும்ப ஓட்டிப் பாரு."

"ஓட்டிட்டேன் மேடம். இன்னொருத்தருக்கும் அப்படித்தான் வருது. தலைகீழா, பொம்பளைக்கு ஆம்பளைன்னு."

பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். காரணம் புரிய நேரம் ஆகவில்லை. கோப்புகளுக்கு ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டிருந்தாள். நாம் எண்ணும்போது ஒன்றுக்குப் பிறகு இரண்டு. கணினி கோப்புப் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்கிறது. அதற்கு ஒன்றுக்குப் பிறகு பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம்தான் இரண்டு. முடிவுகள் கணினியின் வரிசையில் வந்திருந்தன. ஆட்களின் பெயர்களை அவள் நம் வரிசையில் ஒட்டியிருந்தாள். முதல் ஆளைத் தவிர எல்லோரும் இடம் மாறியிருந்தார்கள். நீங்கள் இதைக் கேட்டுவிட்டு, இவ்வளவு அற்பமான தவறா என்று நினைப்பீர்கள். நம் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அளவுதான்.

அந்த நிமிடம் என் மனதில் முதலில் வந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வை ஒரு கருத்தரங்கில் நான் படிப்பதாக இருந்தது. அதைத் திரும்ப எழுத வேண்டுமே என்றுதான் நினைத்தேன். "பரவாயில்லை, நீயே கண்டுபிடிச்சிட்டியே, நல்லது" என்றுகூடச் சொன்னேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "மேடம், இன்னொண்ணும் இருக்கு" என்றாள்.

சில வாரங்களுக்கு முன் கலா அவளுக்குப் போன் செய்திருக்கிறாள். ரத்தம் எடுக்கப் போனபோது நம்பர் கொடுத்திருந்தாள் பாண்டீஸ்வரி. கல்யாண வேலை ஆரம்பித்துவிட்டது, தங்கைக்கு இருக்கிறதா, கொழுந்தனுக்கு இருக்கிறதா, அதை மட்டும் சொல்லு தாயி, எனக்கு வந்த கஷ்டம் அவளுக்கும் வரக் கூடாது என்று கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. சொல்லக் கூடாது என்பது பாண்டீஸ்வரிக்குத் தெரியும். ஆனால் அவளிடம் இருந்தது நல்ல செய்தி என்று நினைத்துவிட்டாள்.

"என்ன சொன்ன?"

"ஜெயந்தி அக்காவுக்கு இருக்குக்கா, அண்ணனுக்கு இல்ல. ஒருத்தருக்கு மட்டும் இருந்தா பயமே இல்ல, தாராளமாக் கட்டலாம்னு சொன்னேன் மேடம். இம்புட்டுத்தான் சொன்னேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்த அத்தையின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. ஒரு பேத்தியை இப்படி வைத்துக்கொண்டு இருக்கிறது போதாதா, தெரிந்தே இன்னொன்றையும் கொண்டுவந்து வைக்கணுமா என்று சொல்லி நிச்சயத்தை முறித்துவிட்டார்கள். இதைப் பாண்டீஸ்வரி என்னிடம் வருவதற்கு முந்தைய நாள்தான் கேள்விப்பட்டிருந்தாள். அவளுக்கு ஜெயந்தியே போன் செய்து, "எனக்கு என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லாம ஊருக்கே சொல்லிட்டியே" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாளாம். அதற்குப் பிறகுதான் இவள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஜெயந்தியின் பெயருக்கு நேரே விழுந்திருந்த முடிவு பத்தாம் எண்ணுடையது. பத்தாம் எண், அவளைக் கட்டவிருந்த பையன்.

பாண்டீஸ்வரி அன்று என்னிடம் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் இந்தத் தவறு யாருக்கும் தெரிந்திருக்காது. அதை மறந்துவிடாதீர்கள். துறையில் ஓடும் கதையில் இந்தப் பகுதி வருவதில்லை.

கல்லூரி நிர்வாகத்தில் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. நிதானமாகக் கேட்டுவிட்டு, "எழுத்துல ஏதாவது குடுத்தோமா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்ப நாம எதுவும் குடுக்கல. அந்தப் பொண்ணு போன்ல பேசினது அவ சொந்த விஷயம். நீங்க இப்பப் போய்த் தப்புன்னு சொன்னாத்தான் அது கல்லூரியோட தப்பு ஆகும். ஆய்வைத் திருத்துங்க, அதோட விடுங்க."

அறையை விட்டு வரும்போது எனக்குக் கோபம் வரவில்லை. ஆறுதலாக இருந்தது. இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தல்லாகுளத்தில் என் வீடு வரை ஸ்கூட்டியில் போகிற வழியெல்லாம், அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனேன். அந்த வாரம் சர்ச்சில் ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்கிற இடத்தில் என் வாய் மட்டும் அசைந்தது. மறுநாள் மருத்துவரிடம் போனேன்.

அந்த அம்மாள் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "நீ இப்பச் சொல்றது சரின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

வரிசையைக் காட்டி விளக்கினேன்.

"போன தடவையும் உன்கிட்ட விளக்கம் இருந்துச்சுல்ல? ரெண்டு பேரையும் வரச் சொல்லுறேன். புதுசா ரத்தம் எடுத்து, நோயாளிகளுக்குப் பார்க்கிற லேப்ல குடுப்போம். அது வர்ற வரைக்கும், சந்தேகம் இருக்குன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம்."

ஜெயந்தி தனியாகவே வந்தாள். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வெயிலில் நடந்தே வந்திருந்தாள். மருத்துவமனைப் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க முடிவுல எங்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கும்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றுமே இல்லை. "என்னைக் கட்ட இருந்தவருக்கு வேற இடம் பேசிட்டாங்களாம். உங்களுக்கு இப்பத்தான் சந்தேகம் வருதா மேடம்?" என்றாள். பிறகு கையை நீட்டி உட்கார்ந்தாள். அந்தப் பையனும் வேறொரு நாள் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனான்.

முடிவு வரும் வரை நாள்கள் நகரவில்லை. அதற்குள் அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் தேதி குறித்துவிட்டார்கள். பாண்டீஸ்வரி அழுதுகொண்டே வந்து, "இப்பயே போய்ச் சொல்லிருவோம் மேடம், இன்னும் நேரமிருக்கு" என்றாள். நானும் ஆடிப்போனேன். மருத்துவருக்குப் போன் செய்தேன். "ரெண்டாவது தடவையும் தப்பாச் சொல்லிட்டா அந்தப் பொண்ணு எங்க போய் நிற்கும்?" என்று மட்டும் கேட்டார். காத்திருந்தோம். அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் சரியான முடிவுக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார், எடுத்தவர் கொடுப்பதில்லை.

புதிய முடிவும் பாண்டீஸ்வரியின் திருத்தமும் ஒத்துப்போயின. ஜெயந்திக்கு இல்லை. பையனுக்கு இருந்தது.

பையனை மருத்துவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நானும் அந்த அறையில் இருந்தேன். கட்டப்போகிற பெண்ணுக்கும் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று சொன்னார். அவன் குனிந்துகொண்டே கேட்டான்.

"இது எங்கம்மாவுக்குத் தெரியணுமா டாக்டர்?"

"உங்க முடிவு உங்களுக்கு மட்டும்தான். யாருக்குச் சொல்றதுங்கிறது உங்க இஷ்டம். ஆனா சொல்லணும்ங்கிறது என் விருப்பம்."

"சரிங்க" என்றான். ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் மருத்துவமனைப் பக்கம் வரவில்லை.

ஜெயந்திக்கு அவள் வீட்டிலேயே போய்ச் சொல்வது என்று முடிவு செய்தோம். பாண்டீஸ்வரியின் அப்பா, மகள் வர வேண்டாம், அடி விழுந்தாலும் விழும் என்றார். அவள்தான், "நான் சொன்னதை நாந்தான்ப்பா போய்த் திரும்ப எடுக்கணும்" என்று கிளம்பிவிட்டாள்.

வீட்டில் ஜெயந்தியும் அவள் அம்மாவும் இருந்தார்கள். கல்யாணம் நின்றதிலிருந்து கலாவும் மகளோடு இங்கேதான் இருந்தாள். உள்ளே போகும் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்தக் குழந்தை காதில் கருவியோடு தரையில் உட்கார்ந்து, பேசுகிறவர் வாயையெல்லாம் மாறி மாறிப் பார்த்தது.

பாண்டீஸ்வரி ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மீதியை நான் சொன்னேன். உனக்கு அந்தப் பிழை இல்லை, தவறு எங்களுடையது, எழுத்தில் கொண்டுவந்திருக்கிறோம் என்று ரிப்போர்ட்டை நீட்டினேன்.

அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "என் மக மேல குறை இல்லைன்னு சொல்லிட்டீகளே, இது போதும்மா. இதை லேமினேட் பண்ணி வையிடி" என்றார். கும்பிட்ட அந்தக் கைகளைப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஜெயந்தி ரிப்போர்ட்டை வாங்கவில்லை.

"அப்ப அன்னிக்கு என் பேருல வந்தது யாரோடது?"

"அதைச் சொல்ல முடியாதும்மா. அது இன்னொருத்தரோட விஷயம்."

"என்னோடதைச் சொல்லும்போது மட்டும் அது என்னோட விஷயமா இல்லையா?"

எனக்கு ஆராய்ச்சி நெறிமுறைகள் பற்றி ஒரு பாடமே நடத்தத் தெரியும். பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். அன்று, "மன்னிச்சிரும்மா" என்றேன்.

"பரவாயில்ல மேடம். ஆனா இந்தப் பேப்பர் எனக்கு வேணாம். இதை யார்கிட்டப் போய்க் காட்டுறது? எனக்கு இல்ல, எனக்கு இல்லன்னு நான் இதை நீட்டிக்கிட்டுப் போனா, எங்கக்காவுக்கு இருக்குன்னு ஆகும்ல? அவ பிள்ளை முன்னால அதை நான் செய்வேனா?"

கலா உள்ளே போய்விட்டாள். ரிப்போர்ட்டை என் கைப்பையில் திரும்ப வைத்தேன். அம்மா காபி போடுகிறேன் என்றார். வேண்டாம் என்றோம். போட்டுக் கொண்டுவந்தார். குடித்தோம். அந்தக் காபியைக் குடித்தது போல ஒரு தண்டனை எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜெயந்தி கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கு வேலைக்குப் போனாள். அங்கே தன்னோடு வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டாள் என்று மருத்துவர் சொன்னார். கலா கணவன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். பாண்டீஸ்வரி படிப்பை விட்டுவிடுகிறேன் என்று ஒரு மாதம் வில்லாபுரத்திலேயே இருந்தாள். நான் போய்க் கூப்பிட்டு வந்தேன். தன் ஆய்வேட்டில் அந்தத் தவறை ஓர் அத்தியாயமாகவே எழுதினாள். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்தவர், இதையெல்லாம் எழுதணுமா என்று கேட்டார். "எழுதலைன்னா நான் பாஸ் பண்ண வேணாம் சார்" என்றாள். இன்று சென்னையில் ஒரு மருத்துவமனை லேபில், முடிவுகள் வெளியே போகும் முன் ஆளும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு அவளுடையது. அவள் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளும் நகராது. அவளைப் பற்றிக் கதை சொல்கிறவர்களுக்கு இதையும் சொல்லுங்கள்.

அன்று ஜெயந்தி வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நடந்ததை மட்டும் துறையில் யாருக்கும் நான் சொன்னதில்லை.

நாங்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். கலா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். வீட்டில் எதையோ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டும்.

"மேடம், அன்னிக்குப் போனை ஸ்பீக்கர்ல போட்டது நாந்தான். அத்தை போடச் சொன்னாகன்னு வீட்ல சொல்லிவச்சிருக்கேன். அவுக சொல்லல. நானாத்தான் போட்டேன்."

பாண்டீஸ்வரி அவளையே பார்த்தாள். "ஏன்க்கா?"

"இவ பிறந்ததுல இருந்து, இந்தக் குறையைக் கொண்டுவந்தவ நான்தான்னு ஒரே பேச்சு. என் புருசனுக்கும் இருக்குன்னு டாக்டரம்மா சொல்லியும் அத்தை நம்பல. தன் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லேங்குறாக. கொழுந்தனுக்கும் இருக்குன்னு நீ சொன்னீன்னா, அதை அவுக காதாலயே கேக்கட்டும்னு நினைச்சேன். உங்க வீட்லயும் இருக்குன்னு ஒரு தடவை கேட்டுட்டா என்னை விட்டுருவாகன்னு நினைச்சேன். நீ ஜெயந்திக்கு இருக்குன்னுட்ட."

குழந்தை அம்மாவின் வாயைப் பார்த்தது. பிறகு என் வாயைப் பார்த்தது, நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பது போல.

கலா என் கையைப் பிடித்தாள். "யாருக்கும் சொல்ல மாட்டேன் மேடம். எனக்கு மட்டும். கொழுந்தனுக்குத்தான இருக்கு?"

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அவள் தோளிலிருந்து ஒரு மலையே இறங்கியிருக்கும். அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அந்தச் சொல் என் நாக்கு வரை வந்துவிட்டது.

"சொல்ல முடியாதும்மா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கையை விட்டுவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பாண்டீஸ்வரியைப் பார்த்து, மெதுவாக, வையாமல்தான் சொன்னாள்.

"அன்னிக்கும் நீ இப்படியே சொல்லியிருக்கலாம்ல தாயி."